கையிருப்பு நிமிடங்கள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து ஐம்பத்திரண்டுக்கு என் கைப்பேசி அடித்தது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்கு அக்காதான் காரணம். அவளோடு வளர்ந்தவர்கள் யாரும் "பதினொண்ணு இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. "இருக்கும்னா என்ன? இருந்துச்சா, இல்லையா?" என்று கேட்பாள்.

அழைத்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர். அக்கா வேலை பார்த்த பணிமனையில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வண்டியை மட்டுமல்ல, பேச்சையும் அவர் அப்படித்தான் ஓட்டுவார்.

"தம்பி, வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கீங்களா?"

"ஆமா."

"அப்ப ஓரமா நிறுத்திக்கங்க."

"நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லுங்க."

உண்மையில் நின்றுகொண்டுதான் இருந்தேன். பிரதான சாலையில் எனக்கு முன்னால் கார்கள், பின்னால் கார்கள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒருவர். அச்சகத்துக்குப் போய்ப் பாடநூல் ஒன்றின் கடைசி மெய்ப்பைக் கொடுக்க வேண்டியிருந்தது.

"அக்கா எழுதிக்கிட்டு இருந்தாங்க. அப்படியே மேசை மேல சாஞ்சுட்டாங்க. நம்ம டிப்போ வேன்லயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துட்டோம். உள்ள பார்க்கறாங்க. நீங்க வந்துடுங்க."

மருத்துவமனை அதே சாலையில் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தது. எனக்குப் பக்கத்தில், ரப்பர்க் கம்பங்களுக்கு அப்பால், பேருந்துகளுக்கான தனிப்பாதை. அதில் இருபத்திரண்டாம் எண் பேருந்து என்னைத் தாண்டிப் போனது. நான் நகர்ந்தேன், நின்றேன், நகர்ந்தேன். இன்னொரு இருபத்திரண்டு போனது. காரை ஒரு சந்தில் விட்டுவிட்டு இறங்கி ஓடி அடுத்த நிறுத்தத்தில் ஏறியிருக்கலாம். தோன்றவில்லை. காருக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு இறங்குவது என்பது கடைசியாகத்தான் தோன்றும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். இருபத்திரண்டாம் எண் மட்டும் ஏழு.

பதினொன்று நாற்பத்தொன்றுக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், நடைக்கூடத்தில் ஒரு நாற்காலியில் இருந்தார். அவர் நூலகர். நூலகத்திலிருந்து நடந்தே வந்து பதினொன்று பத்துக்கே சேர்ந்திருந்தார். வாழ்க்கையில் எதற்கும் வேகமாக நடந்திராத மனிதர்.

"பதினொண்ணு இருபத்தஞ்சுக்குப் போயிட்டாப்பா" என்றார். பிறகு, யாரோ திருத்தியதுபோல, "இருபத்தஞ்சுதான். சுவத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன்" என்றார்.

அந்த ஐந்து கிலோமீட்டருக்கு இருபத்திரண்டாம் எண் எடுத்துக்கொள்ளும் நேரம் பதினாறு நிமிடம். அதை எழுதியவள் அவள்தான்.

அக்கா நகரப் போக்குவரத்துக் கழகத்தில் கால அட்டவணைப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தாள். எந்தப் பேருந்து எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும், ஓட்டுநர் எப்போது சாப்பிட வேண்டும் என்றெல்லாம் ஒரு பெரிய தாளில் கட்டம் கட்டமாக எழுதுகிற வேலை. கணினி வந்த பிறகும் முதலில் தாளில் எழுதி, பிறகுதான் ஏற்றுவாள். ஓட்டுநர்கள் அவளை 'நிமிஷக்கா' என்றார்கள். அவளுக்கும் அது தெரியும். தொலைபேசியை எடுத்து "நிமிஷம் பேசறேன்" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

ஒரு இடத்தில் அவளால் உட்கார முடியாது. நின்றுகொண்டே சாப்பிடுவாள். உட்கார்ந்தால் ஒரு கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். மாமாவோடு வெளியே போனால் பத்தடி முன்னால் போய், திரும்பி வந்து, மறுபடி முன்னால் போவாள். "உங்க அக்காகூடப் போனா எனக்கு வழி மறக்காதுப்பா. அவளே மூணு தடவை போட்டுக் காட்டிடுவா" என்பார் மாமா.

இந்தப் பரபரப்பு எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அம்மா ஒரு மருத்துவமனையில் சலவைப் பிரிவில் இருந்தாள். வீட்டுக்கு இரண்டு பேருந்து மாறி வர வேண்டும். முதல் பேருந்து மாலை ஆறு பதினான்குக்குச் சந்திப்பில் இறக்கிவிடும். இரண்டாவது ஆறு பன்னிரண்டுக்குப் போயிருக்கும். அடுத்தது ஆறு நாற்பது. இரண்டு நிமிடத்தைத் தவறவிட்டு இருபத்தாறு நிமிடம் நிற்க வேண்டும், தினமும். அப்போது அக்காவுக்குப் பதினொரு வயது, எனக்கு ஐந்து. பள்ளி விட்டு வந்ததிலிருந்து என்னைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. ஆறரையிலிருந்து ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடப்பாள்.

"அந்த ரெண்டு பஸ்ஸும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கவே பேசிக்காதாம்மா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அதுங்களுக்குள்ள என்ன சண்டையோ" என்றாள் அம்மா, செருப்பைக் கழற்றிக்கொண்டே.

கழகத்தில் சேர்ந்து நான்காம் வருடம் அந்தப் பகுதியின் அட்டவணை அக்காவின் கைக்கு வந்தது. அவள் செய்த முதல் வேலை, ஆறு பன்னிரண்டை ஆறு பதினெட்டு ஆக்கியது. அம்மா அதற்கு முந்தின வருடமே ஓய்வுபெற்றிருந்தாள். அக்கா வந்து சொன்னதும், "இப்ப எதுக்குடி?" என்றாள். பிறகு, "சரி, எவளோ ஒருத்தி சீக்கிரம் வீட்டுக்குப் போவா" என்றாள்.

அவளுடைய வேலைமுறையில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். புறப்படும் நேரத்தை மேசையில் உட்கார்ந்து மையில் எழுதுவாள். வந்துசேரும் நேரத்துக்கான கட்டத்தைக் காலியாக விடுவாள். அந்த நடையில் தானே ஒருமுறை ஏறி, ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கடைசி நிறுத்தம்வரை போய் வந்த பிறகுதான் அந்தக் கட்டத்தை நிரப்புவாள். இளம் வயதில் ஒருமுறை போகாமலே எழுதியிருக்கிறாள். அந்த நேரத்துக்குள் போய்ச் சேர முயன்ற ஓட்டுநர் ஒரு நிறுத்தத்தில் சட்டென்று பிரேக் போட, நின்றுகொண்டிருந்த ஒரு பயணி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஓட்டுநருக்குத் தண்டனை வந்தது. அக்காவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே அந்தப் பயணியைப் போய்ப் பார்த்தாள். அதற்குப் பிறகு முப்பது வருடம், ஏறிப் பார்க்காத நேரம் எதையும் அவள் எழுதியதில்லை. ஏறிப் பார்ப்பதற்கும் பணிமனையிலேயே மெதுவான ஓட்டுநரைத்தான் தேர்ந்தெடுப்பாள். அவரால் முடிந்தால் எல்லோராலும் முடியும், யாரும் விரட்ட வேண்டியதில்லை என்பது அவள் கணக்கு. நிதானம் அவளுக்குப் பழக்கமானது அப்படித்தான்.

பேருந்துத் தனிப்பாதை என்ற பேச்சு போன வருடம் வந்தது. கழகத்துக்குப் புதிதாக வந்த திட்ட அதிகாரி, அக்காவைவிட இருபது வயது இளைய பெண், பிரதான சாலையில் மூன்று வரிசைகளில் ஒன்றைப் பேருந்துக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். ஆதாரம் கேட்டார்கள். அக்கா மூன்று நாள் காலை ஏழரை முதல் ஒன்பதரைவரை நடைமேம்பாலத்தில் நின்றாள். இடது கையில் ஒரு எண்ணும் கருவி, வலது கையில் இன்னொன்று. கட்டைவிரலால் அழுத்த அழுத்த எண் ஏறும். இடதில் கார்கள், வலதில் காருக்குள் இருந்தவர்கள். சராசரியாக நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து கார்கள், அவற்றில் ஐயாயிரத்து நூற்று எழுபது பேர். அதே இரண்டு மணி நேரத்தில் எண்பத்துநான்கு பேருந்துகள், அவற்றில் டிக்கெட் கணக்குப்படி ஐயாயிரத்து இருநூறு பேர்.

"சரிபாதி" என்றாள், எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு. "பாதி ஜனத்துக்கு மூணுல ஒரு லேன் கேட்டா, என்னவோ அவங்க வீட்டு ஹாலைக் கேட்ட மாதிரி பார்க்கறாங்க."

எட்டு வாரச் சோதனைக்கு அனுமதி வந்தது. எட்டு வாரம் கழித்து நகரக் குழு கூடி வாக்கெடுக்கும். தோற்றால் கோடுகள் அழிக்கப்படும். அழித்த கோட்டை மறுபடி போட இந்த ஊரில் பத்து வருடம் ஆகும் என்று அதிகாரி சொன்னாராம். அக்காவுக்குச் சேவை இன்னும் பத்து மாதம் இருந்தது. எனக்கு நினைவு தெரிந்து அவள் எதையும் இவ்வளவு விரும்பியதில்லை. வீட்டுக்கு வந்தால் இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை ஜன்னல் பக்கம் போவாள், ஏதோ சாலை அங்கேதான் இருக்கிறதுபோல.

இங்கேதான் அவள் தவறு செய்தாள்.

தனிப்பாதையில் ஓடும் ஏழு வழித்தடங்களுக்கும் புதிய அட்டவணை வேண்டும், அதுவும் முதல் நாளுக்கு முன்பே. ஆனால் பாதையே இல்லாதபோது அதில் ஏறிப் பார்ப்பது எப்படி? முப்பது வருடத்தில் முதல்முறையாக, போய்ப் பார்க்காத ஒரு பயணத்துக்கு அவள் வந்துசேரும் நேரம் எழுத வேண்டியிருந்தது. இருபத்திரண்டாம் எண்ணுக்குப் பழைய நேரம் அறுபத்தெட்டு நிமிடம். அதில் நெரிசலுக்கென்று ஒதுக்கி வைத்த நிமிடங்கள் உண்டு. அவர்கள் பிரிவில் அதைக் 'கையிருப்பு' என்பார்கள். அக்கா மூன்று நாள் பென்சிலால் எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் அறுபது என்று எழுதினாள். எட்டு நிமிடம் குறைத்ததே அவளுக்கு அதிகப்படியான துணிச்சலாகப் பட்டது. எந்த நெரிசலை ஒழிக்கத் தனிப்பாதை கேட்டாளோ, அந்த நெரிசலுக்கான கையிருப்பை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

முதல் வாரம் நான் இதையெல்லாம் அறியாதவன். நான் பார்த்தது வேறு. எங்கள் பதிப்பகத்துக்கு முன்னால் கார் நிறுத்தும் இடம் போய்விட்டது. இரண்டு வரிசைக்குள் நசுங்கி நாற்பது நிமிடம் கூடுதலாகத் தவித்தேன். பக்கத்துத் தனிப்பாதையிலோ பேருந்துகள் சும்மா நின்றன. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு. ஓட்டுநர் ஒருவர் கீழே இறங்கிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரோ அதைப் படம் எடுத்து, "நமக்கு மூச்சு முட்டுது, இவங்களுக்கு ஓய்வறை" என்று எழுதி அனுப்ப, அது எல்லோருடைய கைப்பேசிக்கும் போனது. எங்கள் அலுவலகத்தில் ஒரு மனு சுற்றிவந்தது. பாதையை உடனே எடுக்க வேண்டும் என்று. நான் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் ஒரு மாலை அக்கா வந்தாள். என் மனைவி கதவைத் திறந்ததும், உட்காராமல் கைப்பையிலிருந்து மனுவின் நகல் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இருநூத்துப் பன்னெண்டாவது கையெழுத்து நீதானே?"

நான் பார்த்தேன். என் கையெழுத்துதான்.

"கடைசி எழுத்துக்கு வால் போடற பழக்கத்தை இன்னும் விடலையே. மூணாங்கிளாஸ்ல டீச்சர்கிட்ட எத்தனை அடி வாங்கினே."

"ஆபீஸ்ல எல்லாரும் போட்டாங்கக்கா."

"எல்லாரும் போட்டாங்க. சரி. எல்லாருக்கும் அக்கா டிப்போலயா இருக்கா?"

என் மனைவி உள்ளே போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற கோபம்.

"நீ தினமும் அங்க வந்து பாரு. நான் காருக்குள்ள வேகறேன். உன் பஸ்ஸு பக்கத்துல நின்னு வேடிக்கை பார்க்குது. அதுக்கு எதுக்கு ஒரு லேன்? வீட்ல நிறுத்தி வெக்கலாமே."

"சிக்னல்ல நின்னிருக்கும்."

"சிக்னல் பச்சை. இன்னைக்கு எட்டு பதினேழுல இருந்து எட்டு இருபத்திரெண்டு வரைக்கும் நின்னுச்சு. கதவு திறந்தே இருந்துச்சு. ஏறினவங்க ஒருத்தர்கூட இல்ல. எனக்கு வேற வேலை இல்ல, பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

நின்றபடியே தட்டிக்கொண்டிருந்த அக்காவின் கால் தட்டுவதை நிறுத்தியது. அதை அன்றுதான் பார்த்தேன்.

"எந்த ஸ்டாப்?"

"நூலகத்து ஸ்டாப்."

அவள் நோட்டை எடுத்துப் புரட்டினாள். அந்த ஒன்றரை வாரம் அவளை அலுவலகத்தை விட்டு வெளியே விடவில்லை, புகார் தொலைபேசிக்குப் பதில் சொல்ல உட்காரவைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. தான் எழுதிய அட்டவணையில் தானே இன்னும் ஏறியிருக்கவில்லை. நூலக நிறுத்தம் ஒரு நேர நிறுத்தம். அதாவது, அட்டவணையில் போட்ட நேரத்துக்கு முன்பு எந்தப் பேருந்தும் அங்கிருந்து கிளம்பக் கூடாது. கிளம்பினால் சரியான நேரத்துக்கு வரும் பயணி ஏமாந்துபோவார். இருபத்திரண்டு அங்கே ஐந்து நிமிடம் முன்னதாக வந்து, விதிப்படி காத்து நின்றிருக்கிறது. அதன் பின்னால் மற்ற வழித்தடங்கள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. அப்படி மூன்று நேர நிறுத்தங்கள்.

"அஞ்சு நிமிஷமா?" என்றாள். பிறகு மெதுவாக, "அவங்க நிக்கலைடா. நான் நிறுத்தி வெச்சிருக்கேன்" என்றாள்.

மனுவின் நகலை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். படியிறங்கும் சத்தம் வேகமாகக் கேட்டது.

மறுநாள் அதிகாரியின் அறையில் நடந்ததை நிதானம்தான் சொன்னார், ஓட்டுநர்கள் சார்பில் அவரையும் அழைத்திருந்தார்கள். மேலாளர் சோதனையை அந்த வாரத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றாராம், அவமானம் குறையும் என்று. அக்கா எழுந்து, "தப்பு லேன்ல இல்ல சார். என் பென்சில்ல. எனக்கு நாலு நாள் கொடுங்க" என்றாளாம்.

"முப்பத்தஞ்சு வருஷ அனுபவம்னு சொல்றீங்க" என்றாராம் மேலாளர்.

"அனுபவம்தான் சார் கெடுத்துச்சு" என்றாளாம் அக்கா.

அன்றைக்கே நிதானத்தோடு ஏறினாள். நேர நிறுத்தங்களில் காத்திருக்க வேண்டாம், ஏறுபவர் ஏறியதும் கிளம்பலாம் என்று தனி அனுமதி வாங்கியிருந்தாள். கடைசி நிறுத்தத்தில் கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பத்தாறு நிமிடம்.

"வேணும்னே வேகமா ஓட்டினீங்களா?"

"நான் வேகமா ஓட்டினேன்னு சொன்னா எங்க வீட்ல சிரிப்பாங்க" என்றார் நிதானம்.

திரும்பும் நடையில் நாற்பத்தைந்து. மாலை நெரிசலில் நாற்பத்தாறு. அப்படி ஏழு வழித்தடங்களிலுமாக நான்கு நாள், ஒரு நாளைக்கு எட்டு நடை. மதியம் பேருந்து நிலையத்துச் சுவரோரம் நின்று சாப்பிட்டாள். அறுபது என்று தான் எழுதியிருந்ததில் பதினான்கு நிமிடம் அவளுடைய பயம். அதைத்தான் ஒன்றரை வாரம் ஊரே சாலையில் நின்று பார்த்திருக்கிறது.

இதைச் சரிசெய்ததில் எனக்கு அப்போது புரியாத ஒரு கணக்கு இருந்தது. முதல் நாள் இரவே ஒரு தாளில் போட்டுக் காட்டினாள். பழைய அட்டவணையில் ஒரு பேருந்து போய், ஓய்ந்து, திரும்பி வந்து, மறுபடி கிளம்ப நூற்று அறுபது நிமிடம். பதினாறு பேருந்துகள்; எனவே பத்து நிமிடத்துக்கு ஒன்று. இப்போது நூற்றுப் பன்னிரண்டு நிமிடம். அதே பதினாறு பேருந்துகள். ஏழு நிமிடத்துக்கு ஒன்று.

"புதுசா ஒரு பஸ் வாங்கலை. ஒரு டிரைவர் கூட எடுக்கலை. ரோட்ல கொட்டிக் கிடந்த நிமிஷத்தை அள்ளிட்டு வந்திருக்கோம், அவ்வளவுதான்" என்றாள். சொல்லிவிட்டு உடனே எழுந்தாள். வேறு வழித்தடங்கள் ஆறு பாக்கி இருந்தன.

மூன்றாம் வாரத் திங்கட்கிழமை புதிய அட்டவணை வந்தது. பேருந்துகள் நிற்கவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் எங்கள் அலுவலகத்தில் இரண்டு பேர் காரை வீட்டில் விட்டுவிட்டு வர ஆரம்பித்தார்கள். மனுவைச் சுற்றுக்கு விட்டவர் அதில் ஒருவர். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும், ஏழு நிமிடத்துக்கு ஒன்று என்றால் நேரமே பார்க்க வேண்டாம் என்றார் அவர்.

ஏழாம் வாரம் அக்கா மறுபடி நடைமேம்பாலத்தில் நின்றாள். மூவாயிரத்து அறுநூற்று நாற்பது கார்கள். அறுநூற்று எழுபது குறைவு. அந்த மூவாயிரத்து அறுநூற்று நாற்பதில் நானும் உண்டு. பாலத்துக்கு அடியில் காரில் காத்திருந்தபோது மேலே பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். இடது கையை நன்றாக உயர்த்திக் காட்டி, கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினாள்.

நகரக் குழுவில் ஒன்பதுக்கு ஆறு என்று பாதை நிலைத்தது. மாமா அன்று மாலை நூலகத்தை அரை மணி நேரம் முன்னதாகப் பூட்டிவிட்டு வந்தாராம். அவர் சேவையில் முதல்முறை. ஆனால் அக்கா வீட்டில் இல்லை. குழு ஒரு நிபந்தனை போட்டிருந்தது. பாதை வாரநாட்களோடு நிற்காமல் ஞாயிற்றுக்கிழமையும் இயங்க வேண்டும், அடுத்த மாதம் முதல். ஞாயிறு அட்டவணை தனி. கூட்டம் வேறு, நேரம் வேறு. அவள் வெற்றிச் செய்தி கேட்ட இடத்திலிருந்தே பணிமனைக்குப் போய்விட்டாள்.

"ஒரு நாள் லீவு போடேன்" என்றேன் தொலைபேசியில்.

"போடறேன். எட்டு மாசத்துல மொத்தமா போட்டுக்கறேன்."

இந்தமுறை கையிருப்பை நம்பப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். பாதையின் கம்பங்கள் ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே இருந்ததால், ஏறிப் பார்க்க முடிந்தது. காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பதுவரை, மணிக்கு ஒரு நடை என்று பதினாறு நடைகள். முதல் ஞாயிறு ஏழு. இரண்டாம் ஞாயிறு ஐந்து. மூன்றாம் ஞாயிறுக்கு நான்கு மிச்சம்.

அந்த மூன்றாம் ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட வரச்சொல்லியிருந்தேன். மனுவில் கையெழுத்துப் போட்டதைப் பற்றி நானாக எதுவும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் கூப்பிட்டேன். காலை இரண்டு நடைகளை முடித்துவிட்டு மாமாவோடு வந்தாள். சாப்பாட்டு மேசையில் மாமா உட்கார்ந்தார், நாங்கள் உட்கார்ந்தோம். அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றாள்.

"உட்காருங்க அண்ணி" என்றாள் என் மனைவி.

"உட்கார்ந்தா எழுந்திருக்க மனசு வராதும்மா. ரெண்டு நாப்பதுக்கு ஒண்ணு இருக்கு."

அப்போது மணி இரண்டே கால். நான் சொல்ல நினைத்ததற்கு இன்னும் வாய் வரவில்லை. அவள் போய்விட்டால் அடுத்த வாரமும் இப்படியே தள்ளிப்போகும் என்று எனக்குத் தெரியும்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை போயேன்க்கா. பஸ் என்ன ஓடியா போயிடும்?"

"ஓடறதுக்குத்தான்டா பஸ்ஸு" என்றாள். மாமா சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் எதையோ சொல்லக் காத்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தாள். கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. மனுவைப் பற்றி நான் அப்போதும் சொல்லவில்லை. பேச்சு அம்மாவிடம் போனது, மாமாவின் முழங்கால் வலியிடம் போனது. பிறகு அவள் எழுந்து, அன்று அவளுக்கு மிச்சமிருந்த கடைசி நடையைப் பிடிக்கப் பணிமனைக்குப் போக வேண்டும் என்றாள். என் காரில் கொண்டுவிடுகிறேன் என்றேன். "உன் கார்ல வந்தா நாளைக்குத்தான் போய்ச் சேருவேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அது ஞாயிறு. செவ்வாய்க்கிழமை பத்து ஐம்பத்திரண்டுக்கு என் கைப்பேசி அடித்தது.

காரியங்கள் முடிந்து பத்து நாள் கழித்து நிதானம் மாமாவின் வீட்டுக்கு வந்தார். அக்காவின் மேசையிலிருந்து எடுத்த பொருட்களை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்திருந்தார். எண்ணும் கருவிகள் இரண்டு, கைக்கடிகாரத்தின் மாற்று வார், பென்சில்கள், கடைசியாக அவள் எழுதிக்கொண்டிருந்த தாள். மாமா தாளை என்னிடம் கொடுத்தார். ஞாயிறு அட்டவணை அறிவித்தபடி அமலுக்கு வந்துவிட்டது என்றும், பிரிவில் வேறொருவர் கணினி சொன்ன நேரத்தைப் போட்டு முடித்துவிட்டார் என்றும், வண்டிகள் நன்றாகவே ஓடுகின்றன என்றும் நிதானம் சொன்னார். எல்லாவற்றையும் சொல்லி முடிக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆனது. மாமாவும் நானும் அவசரப்படுத்தவில்லை.

தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. பதினாறு வரிசைகள். எல்லாவற்றிலும் புறப்படும் நேரம் மையில் எழுதப்பட்டிருக்கிறது. பதினைந்து வரிசைகளில் வந்துசேரும் நேரமும் மையில் இருக்கிறது. இரண்டு நாற்பது வரிசையில், வந்துசேரும் நேரத்துக்கான கட்டம் காலி.